ஓரம் வெட்டுகிறவள்

அவளிடம் எப்போதும் பாதி பிளேடு ஒன்று இருக்கும். முகம் மழிக்கிற பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, பின்பக்கம் தடித்த அட்டையை மடித்து ஒட்டிக் கைப்பிடி செய்திருப்பாள். ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் அது படுத்திருக்கும். பதினோராம் வகுப்பில் எங்களோடு படித்தவர்களில் பேனாவை மறந்து வந்தவர்கள் உண்டு, சாப்பாட்டை மறந்து வந்தவர்கள்கூட உண்டு. அவள் அந்தப் பிளேடை மறந்து வந்து நான் பார்த்ததில்லை.

எதற்கு என்றால், ஓரம் வெட்டுவதற்கு. கேள்வித்தாளைக் கையில் கொடுத்தால் கேள்வியைப் படிக்கமாட்டாள், முதலில் தாளின் ஓரத்தைப் பார்ப்பாள். கோணலாக இருந்தால் ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பு. நூல் மாதிரி ஒரு தாள் சுருண்டு மடியில் விழும். அதை எடுத்து பாக்ஸில் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பதில் எழுத ஆரம்பிப்பாள். கிராப் தாள், லேப் ரெக்கார்டில் ஒட்டும் படம், நோட்டு அட்டை எதுவும் அவளிடம் தப்பாது. வருஷ ஆரம்பத்தில் வகுப்பு முழுவதற்கும் நோட்டில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகள், பெயரை எழுதி அவள் வெட்டித் தந்தவைதான். கொண்டுவந்து டீச்சர் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாள். யார் தந்தது என்று டீச்சர் கேட்டால் பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் எழுந்து சொல்ல வேண்டும்.

அவளுடைய அப்பா சிவகாசியில் பிரஸ் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற பிரஸ். அந்த பிரஸில்தான் என் அப்பா கட்டிங் மெஷினில் வேலை பார்த்தார். அச்சாகி வருகிற பெரிய தாள்களை அடுக்கி வைத்து, லேபிள் லேபிளாக வெட்டுகிற வேலை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அந்த இரண்டு வருஷம் நான் பயந்த பயமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். அவள் பெயரை நான் இங்கே எழுதாமல் இருப்பதற்கும் அந்தப் பயத்தில் மிச்சம் இருப்பதுதான் காரணம்.

அவளுக்குக் குரல் இருந்ததா என்பதே எங்களுக்குச் சந்தேகம். வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் "உள்ளேன் ஐயா" என்று சொல்வது உதட்டில் தெரியும், காதில் விழாது. கணக்கு சார் கண்ணாடி போடாத நாட்களில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார். இப்படியே ஒரு மாதத்தில் ஒன்பது ஆப்சென்ட் விழுந்து, அவள் வீட்டுக்குக் கடிதம் போனது. தினமும் தன் கையால் தூக்குவாளி கட்டி அனுப்பிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லையாமே என்று அவளுடைய அம்மா அலறிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளையே அவளுக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு ஆனது. நாங்கள் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சிரிப்பு நின்றது ஜூலை மாதத்தில். என்னுடைய நோட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. பிரஸில் மிஞ்சுகிற தாள்களை அப்பா எடுத்துவந்து, அம்மா கோணி ஊசியால் தைத்துத் தருவாள். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு அளவில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் திருத்திய இயற்பியல் நோட்டுகள் திரும்பி வந்தன. என் நோட்டைக் கையில் வாங்கியதும் வேறு யாருடையதோ என்று நினைத்தேன். மூன்று பக்கமும் ஒட்ட வெட்டி, விரலால் தடவினால் வழுக்குகிற மாதிரி இருந்தது. வகுப்பில் வேறு யார் நோட்டும் அப்படி வெட்டப்படவில்லை.

பக்கத்தில் இருந்த முருகேசன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு என் காதுக்குள் சொன்னான்.

"ஏலே, மொதலாளி மக ஒன்னையப் பாக்குதுலே."

"சும்மா இருலே."

"நெசமாத்தான்லே. ரெண்டு வாரமா பாக்கேன். நீ போர்டைப் பாக்கும்போது அது ஒன்னையப் பாக்குது. நீ திரும்புனா குனிஞ்சுக்கிடுது."

வேறொருவனாக இருந்தால் அன்றைக்குத் தலைகால் புரிந்திருக்காது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஒரு பூட்டு.

ஆமத்தூரில் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டு அண்ணன் ஒருவன், வேலை பார்த்த இடத்து முதலாளியின் தம்பி மகளுக்குக் கடிதம் கொடுத்தான் என்றார்கள். அந்தப் பெண்தான் அவனுக்குக் கொடுத்தாள் என்றும் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் இரண்டு மோட்டார் சைக்கிளில் நாலு பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. வாசலில் நின்று அண்ணனின் அப்பாவிடம் தன்மையாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வீடு பூட்டியிருந்தது. கட்டியிருந்த ஆட்டைக்கூட அவிழ்க்காமல் போய்விட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்தான் அவிழ்த்துவிட்டார். அந்த ஆடு நாலைந்து நாள் அந்தப் பூட்டுக்குக் கீழேயே வந்து படுத்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும்.

வெட்டிய நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவே பயமாக இருந்தது. அப்பா ஓரத்தைப் பார்த்தால் மெஷின் வெட்டா கை வெட்டா என்று சொல்லிவிடுவார். அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் வைத்து, மர ஸ்கேலைக் கொடுத்து அந்த அழகான ஓரங்களை எல்லாம் நானே கிழித்துக் கோணலாக்கினேன். தலை நிமிர்ந்தபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். நான் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ அழுகையோ முகத்தில் இல்லை. ஒரு தாள் கோணலாகக் கிழிவதை அவளால் பார்க்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து என் டெஸ்கில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் அட்டைக் கைப்பிடி போட்ட பாதி பிளேடு. வேறு ஒரு எழுத்துக்கூட இல்லை. முருகேசனிடம் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"முடிஞ்சதுலே. கைய அறுத்துக்குவேன்னு சொல்லுது."

"அப்படியாலே?"

"வேற எதுக்குலே ஒருத்தி பிளேட அனுப்புவா? நீ ஏத்துக்கிடலைன்னா அறுத்துக்குவேன்னு அர்த்தம். ஒனக்குத்தான்லே கேசு."

நாங்கள் பார்த்த சினிமா அப்படி. அன்று முழுவதும் அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்க்கக் கூடாது என்று சபதம் எடுத்தவன், பயத்தில் அவளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மத்தியானம் அந்தப் பொட்டலத்தைப் பள்ளிக்கூடக் கிணற்றில் போட்டேன். கிழிக்காதே, வேண்டுமானால் நீயே ஒழுங்காக வெட்டிக்கொள் என்று மட்டும்தான் அவள் சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே பல வருஷம் ஆனது.

செப்டம்பரில் ஒரு நாள் தாவரவியல் வகுப்பு நடக்கும்போது மேற்கே பெரிய வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இப்படிச் சத்தம் கேட்டால் யாரும் கத்துவதில்லை. டீச்சர் சாக்பீஸைப் பிடித்தபடி நிற்பார். அப்பா அம்மா பட்டாசு வேலைக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் ஜன்னலைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். அந்த சீசனில் என் அம்மாவும் ஒரு கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்துக்கு மேலே வெள்ளையாகப் புகை ஏறியது.

அப்போது அவள் எழுந்தாள். டீச்சரிடம் கேட்காமல் வகுப்பை விட்டு வெளியே போனாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கை கை மாறி ஒரு சீட்டு என்னிடம் வந்தது. நாலு பக்கமும் நேராக வெட்டியிருந்தது.

"வெம்பக்கோட்டை ரோட்டுப் பக்கம். குடோன் மட்டும்தான், ஆட்கள் இல்லை. உங்கள் அம்மா வேலை பார்க்கும் இடம் இல்லை."

ஆபீஸ் அறைக்குப் போய், போன் செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, பிரஸுக்கு போன் போட்டு விசாரித்திருக்கிறாள். தன் பெயருக்கே குரல் கொடுக்க முடியாதவள். படித்ததும் எனக்கு உயிர் வந்தது. அழுகையும் வந்தது. ஆனால் ஐந்து நிமிஷம்கூட அந்த நிம்மதி நிற்கவில்லை. என் அம்மா எங்கே வேலைக்குப் போகிறாள் என்று இவளுக்கு எப்படித் தெரியும், இவள் போன் போட்டு யார் அம்மாவைப் பற்றிக் கேட்டாள், அந்தப் பக்கம் போனை எடுத்தது யார் என்று ஒவ்வொன்றாகப் பயம் வந்து உட்கார்ந்தது. சீட்டை மென்று விழுங்கிவிட்டேன்.

அம்மா அன்றோடு பட்டாசு வேலையை விட்டாள். வீட்டிலேயே காலி அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையை அப்பா ஏற்பாடு செய்தார். மூட்டை மூட்டையாகப் பெட்டியும் கட்டுக் கட்டாக லேபிளும் வரும். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை நாற்றம் வீட்டை விட்டுப் போகவே போகாது. சாயங்காலம் நானும் உட்கார்ந்து ஒட்டுவேன்.

இனிப் பொறுக்கக் கூடாது என்று ஒரு நாள் துணிந்து அவளிடம் பேசினேன். துணிந்தேன் என்று சொல்வது பெருமைக்குத்தான், பயம் முற்றிப்போய் அப்படி ஆனது. தண்ணீர்க் குழாயடியில் யாரும் இல்லாத நேரம். அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா ஒங்க பிரஸ்லதான் கட்டிங் மெஷின்ல இருக்காரு. அந்த வேலை போச்சுன்னா நாங்க ஊருக்குள்ள இருக்க முடியாது."

அவள் டம்ளரையே பார்த்தாள். தண்ணீர் நிறைந்து வழிந்தது. குழாயை மூடினாள்.

"தெரியும்" என்றாள்.

"அப்ப என்னையப் பாக்காத."

தலையை ஆட்டினாள். டம்ளர் தண்ணீரைக் குடிக்காமலே கொட்டிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து பார்க்கவில்லை. முருகேசன் ஒரு மாதம் கண்காணித்துவிட்டு, "வெட்டிவிட்ட மாதிரி நிறுத்திட்டுதுலே" என்றான். எனக்கு ராத்திரி தூக்கம் திரும்பி வந்தது. அதோடு வேறு ஏதோ ஒன்று போன மாதிரியும் இருந்தது. அது என்ன என்று யோசிக்க அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரியில் கிளாஸ் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் "ரெடி" என்று சொன்ன அதே நேரத்தில் முருகேசன் என் இடுப்பைக் கிள்ளினான். ஆண்கள் எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்க, நான் ஒருவன் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அந்தப் படத்தில் விழுந்தேன்.

பிளஸ் டூ ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கழற்றவில்லை. அம்மா பசைக் கையோடு கூப்பிட்டாள்.

"ஏலே, இங்கன வா. இது யாருன்னு பாரு."

புதுக் கட்டு. பூச்சட்டி லேபிள், வெளியூரில் புஸ்வாணம் என்பார்கள். கறுப்பு வானம், நடுவில் பொன்னாகப் பீறி அடிக்கிற பூச்சட்டி, அதற்குப் பக்கத்தில் ஒரு பையனின் சிரித்த முகம். கன்னத்தில் ரோஸ் பூசி, உதட்டைச் சிவப்பாக்கி, தலைமுடியைப் படிய வாரிவிட்டிருந்தார்கள். இடது புருவத்தில் அம்மைத் தழும்பை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அது நான்தான். அம்மாவைச் சுற்றி ஒட்டி முடித்த பெட்டிகள் இருநூறு இருக்கும். இருநூறிலிருந்தும் நான் சிரித்தேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது நடக்கிற காரியம்தான். லேபிளுக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் மாடலைத் தேடிப் பட்டணம் போவார்களா என்ன. முதலாளி வீட்டுக் குழந்தை, லேபிள் வரைகிற ஆர்ட்டிஸ்ட்டின் அக்கா மகள் என்று கைக்குக் கிடைத்த போட்டோவைப் போட்டுவிடுவார்கள். ஆனால் கட்டிங்காரர் மகனை யாரும் போடமாட்டார்கள். படத்தை யார் கொடுத்தது என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்பா வந்ததும் அம்மா ஒரு லேபிளை நீட்டினாள். அதை அப்பாவே வெட்டியிருக்கிறார், ஆயிரம் ஆயிரமாக. கட்டிங் மெஷினில் நிற்பவருக்கு வெட்டுக்கோடு மட்டும்தான் கண்ணில் படும், படம் படாது. அவர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

"நல்லாத்தான் இருக்கான்" என்றாள் அம்மா மெதுவாக.

"வாய மூடு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "அந்தப் பிள்ளைக்கும் ஒனக்கும் என்னலே?" என்று கேட்டார். யார் என்று சொல்லாமலே கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா. சத்தியமா."

"மூணாவது வீட்டுப் பூட்டப் பாத்திருக்கேல்ல?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சட்டையைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கையில் இருந்த லேபிளை நேராக மடிக்கப் பார்த்தார், கோணலாகத்தான் மடிந்தது. ஒரு விரல் பிசகினால் போச்சு என்கிற மெஷினில் பதினாறு வருஷம் நின்ற கை அது.

யாரும் சொல்வதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். மறுநாள் சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பிரஸுக்குப் போனார். நாங்கள் போகும்போதே முதலாளியின் மேசையில் அந்த லேபிள் இருந்தது.

"வாங்க கட்டிங்காரரே. உக்காருங்க."

அப்பா உட்காரவில்லை. முதலாளி அவரை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்களும் இப்படித்தான் தன்மையாகப் பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

"இது நம்ம தம்பிதான?"

"ஆமா மொதலாளி. எப்படின்னு எங்களுக்கே தெரியல. நேத்து சாயங்காலம்தான் பாத்தோம்."

"நீங்கதான வெட்டுனீக?"

"கோட்டப் பாத்துத்தான் வெட்டுவேன் மொதலாளி. படத்தப் பாக்குறதில்ல."

முதலாளி அதை ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நம்ம பாப்பா ஒங்க கிளாஸ்தான?"

அவர் கேட்டது அவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பூட்டும் ஆடும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

"நான் ஒண்ணும் செய்யலய்யா. அதுதான் எப்பப் பாத்தாலும் என்னையவே பாக்கும். என் நோட்ட எல்லாம் வெட்டுச்சு, சீட்டு குடுத்துச்சு. பாக்காதன்னு நான் சொல்லிட்டேன்யா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

அப்பாவின் கை என் பிடரியில் விழுந்தது. "சின்னப்பய மொதலாளி, பயத்துல ஒளறுறான். அப்படியெல்லாம் ஒண்ணுமே கெடயாது. பிள்ளைய இவன் ஏறெடுத்துப் பாத்ததில்ல, அதுவும் இவனப் பாத்ததில்ல."

முதலாளி எனக்குப் பின்னால் பார்த்தார். நான் திரும்பினேன். வாசலில் அவள் நின்றாள். வீட்டுக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு காக்கிக் கவர். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை, ஆனால் நான் சொன்னது எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏம்மா, இந்தப் படம் நீ குடுத்ததா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"ஆர்ட்டிஸ்ட் அண்ணன் ஒரு பையன் படம் வேணும்னாக. கிளாஸ் போட்டோவுல இருந்து அஞ்சு பேர வெட்டிக் குடுத்தேன். அதுல ஒண்ண எடுத்துக்கிட்டாக."

நான் அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டதில்லை. வெளியே மெஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி ஒவ்வொரு சொல்லும் கேட்டது. காக்கிக் கவரை மேசையில் வைத்தாள். உள்ளே கிளாஸ் போட்டோவும், கட்டைவிரல் நகம் அளவில் நாலு முகங்களும் இருந்தன. அதில் ஒன்று முருகேசன்.

"இந்தத் தம்பி, நீ இவரையே பாக்குறேன்னு சொல்றாரு."

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நேராக, முழுசாக, முதல் தடவையாக. நான்தான் குனிந்துகொண்டேன்.

"இவனா? இவன் பேருகூட எனக்குத் தெரியாதுப்பா."

என் நோட்டில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டே அவள் எழுதி வெட்டித் தந்ததுதான். முதலாளி ஆர்ட்டிஸ்ட் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் வாசலிலேயே நின்று, "ஆமா மொதலாளி, பாப்பா அஞ்சு குடுத்துச்சு. இதுதான் சிரிச்சாப்புல இருந்துச்சு" என்றார்.

முதலாளி போட்டோவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து ஓட்டை வழியாகவும் வெளிச்சம் வந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். எண்ணிக்கை சரியா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் மூச்சைப் பிடித்து நின்றேன்.

"அஞ்சு. சரிதான்" என்றார் கடைசியில். "கூடப் படிக்கிற பிள்ளைக படத்த இப்படி ஓட்ட போடலாமாம்மா? போ, வீட்டுக்குப் போ. கட்டிங்காரரே, லேபிள் அடிச்சது அடிச்சதுதான், ஓடட்டும். நீங்க போயி மெஷினப் பாருங்க."

அவ்வளவுதான் நடந்தது. அப்பாவின் வேலை போகவில்லை. எங்கள் வீட்டில் பூட்டு விழவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஊர் ஊராக நான் சிரித்தேன், அதற்கடுத்த லோடுக்கு வேறு ஒரு குழந்தையின் முகத்தைப் போட்டார்கள். அவள் மறுவாரத்திலிருந்து பஸ்ஸில் வரவில்லை, காரில் கொண்டுவந்து விட்டார்கள். அவள் அப்பாவுக்கு சீசன் நன்றாக ஓடியிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த வருஷம் முழுவதும் அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு மாற்றம், வருகைப் பதிவில் அவளுடைய "உள்ளேன் ஐயா" கடைசி பெஞ்சு வரை கேட்டது. பக்கத்துப் பிள்ளைக்கு வேலை மிச்சமானது. அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆறேழு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகைக்காகச் சாத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் புருவத்தைப் பார்த்துவிட்டு, "பூச்சட்டிதான நீ?" என்றார். பிரஸை விட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டிருந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன். டீ வாங்கித் தந்தார். பேச்சு அந்த லேபிளுக்கு வந்தது.

"அன்னைக்கு எங்க அஞ்சு பேருல நான் மாட்டுனது என் நேரம்ணே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு பேரா? பாப்பா கொண்டாந்தது ஒண்ணுதான்லே."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"காது மடல், தலமுடி எல்லாம் வளச்சு வளச்சு அம்புட்டு சுத்தமா வெட்டி, ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்துச்சு. லேபிள் அச்சாகி வெளிய வந்த பெறகுதான் அதுக்கே வெவரம் தோணியிருக்கு. வெள்ளிக்கெழம மத்தியானம் பள்ளிக்கூடத்துல இருந்து கிளாஸ் போட்டோவோட ஓடியாந்துச்சு. அண்ணே, அஞ்சு பேரக் குடுத்தேன்னு நீங்க சொல்லணும், இல்லேன்னா கட்டிங்காரர் வீட்ட ஊர விட்டு அனுப்பிருவாகன்னுச்சு. மத்த நாலு பேரையும் என் மேசையில வச்சுத்தான் வெட்டுச்சு. கை அப்படி நடுங்குது. ஒருத்தனுக்குக் காதே போச்சு. நான் வெட்டுறேன் குடும்மான்னேன், மாட்டேன்னுட்டுது."

"மொதலாளி நம்பிட்டாருல்ல?" என்று கேட்டேன்.

"ஓரத்தத் தடவிப் பாத்தாருல்லலே. முப்பது வருஷம் பேப்பர்ல கெடந்த மனுசன். நாலு ஓட்ட பிசிறு பிசிறா இருக்கு, ஒண்ணு மட்டும் மெஷின்ல வெட்டுன மாதிரி இருக்கு. அது எதுன்னு அவருக்குத் தெரியாதாக்கும்? தெரிஞ்சுதான் சரின்னாரு. மக மூஞ்சியப் பாத்தாரு, ஒங்கப்பா நின்ன நெலையப் பாத்தாரு, விட்டுட்டாரு."

அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பத்திரிகைக்கு என்ன கலர் வேண்டும் என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த அறையில் அன்றைக்கு ஐந்து பேர் இருந்தோம். எங்களை ஊரை விட்டு ஓடவிடாமல் காப்பாற்றுவதற்கு அவள் பொய் சொன்னாள். அவளுக்காக ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சொன்னார். எனக்காக அப்பா சொன்னார். எல்லாம் தெரிந்துகொண்டே முதலாளி சரிதான் என்றார். நான் ஒருவன்தான் உண்மையைச் சொன்னேன். அதை வாசலில் நின்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.